ஆழத்திலிருந்து எழும் அலை



ஆங்கிலச் சொற்களின் பிறப்பையும் பொருளையும் ஆராயும் இப்பகுதியில் இம்மாதம் நாம் எடுத்துக்கொள்ளும் சொல் 'கிரவுண்ட்ஸ்வெல்' என்பதாகும். நெய்வேலியை அடுத்த வடக்குத்திலிருந்து வாசகர் ஒருவர் இச்சொல்லைக் குறித்து வினவியுள்ளார். "ஆங்கில நாளிதழில் 'கிரவுண்ட்ஸ்வெல் ஆஃப் சப்போர்ட்' என்ற தொடரைக் கண்டேன். அகராதியைப் புரட்டினால் கடலலை என்று ஒரு பொருளும், மக்களிடையே எழும் பேராதரவு என்று மற்றொரு பொருளும் தரப்பட்டுள்ளன. கிரவுண்ட் என்றால் தரை அன்றோ? தரைக்கும் கடலுக்கும் மக்கள் ஆதரவுக்கும் என்ன உறவு?" என்பது அவருடைய வினா.

நல்ல வினா. இதற்கு விடை காண்போமாயின், ஒரு சொல்லின் பொருளோடு, மக்கள் ஆதரவு என்பதன் இயல்பையும் நாம் ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

சொல்லின் வேர்

இச்சொல் இரு சொற்களின் சேர்க்கை. பின்பகுதியான 'ஸ்வெல்' என்பது பழைய ஆங்கிலத்தில் பெருத்தல், வீங்குதல், பொங்குதல் என்ற பொருள்களில் வழங்கிய வினைச்சொல்லிலிருந்து வந்தது. கடலின் நீர்ப்பரப்பு மெல்ல உயர்ந்து மெல்லத் தாழ்வதைக் கண்ட மாலுமிகள் அதற்கும் இப்பெயரையே இட்டனர்.

முன்பகுதியில்தான் சிக்கல். 'கிரவுண்ட்' என்றதும் நாம் கால் ஊன்றும் நிலத்தையும், பிள்ளைகள் விளையாடும் திடலையும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு 'அடி', 'அடித்தளம்' என்பனவும் முக்கியமான பொருள்களாய் இருந்தன. கடலின் அடித்தரையையும் அச்சொல்லாலேயே குறித்தனர். அப்பழம் பொருளின் சுவடு இன்றும் அம்மொழியில் உண்டு. காப்பி வடித்தபின் அடியில் தங்கும் மண்டியை ஆங்கிலேயர் 'காப்பி கிரவுண்ட்ஸ்' என்பர். கப்பல் ஆழமற்ற இடத்தில் சிக்கிக்கொண்டால் அது 'கிரவுண்டைத்' தொட்டுவிட்டது என்பர். நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? "கப்பல் தரைதட்டியது" என்னும்போது நாம் குறிப்பது கரையிலுள்ள நிலத்தை அன்று. நீருக்கடியில் மறைந்துள்ள தரையையே குறிக்கிறோம். ஆங்கிலமும் தமிழும் இவ்விடத்தில் ஒத்துப்போவது நமக்கு வியப்பையும் மகிழ்ச்சியையும் தருகிறது.

ஆகவே கிரவுண்ட்ஸ்வெல் என்பது கடலின் அடியாழம் வரை எட்டும் பேரலைப் பெருக்கு எனலாம். கப்பலோட்டிகளின் வாயில் வழங்கிய இச்சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்களின் மனப்போக்கைக் குறிக்கவும் பயன்படலாயிற்று. ஏன் இவ்வுவமை பிறந்தது என்பதை உணரக் கடலில் நடப்பதைச் சிறிது அறிய வேண்டும்.

காற்றலையும் ஆழலையும்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சென்றிருப்போர் இருவகை அலைகளைக் கண்டிருக்கக் கூடும். காற்று வீசும் வேளையில் எழும் அலைகள் ஒருவகை. அவை குறுகியவை, அடுத்தடுத்து விரைந்து வருபவை, நுரையும் இரைச்சலும் மிகுந்தவை. காற்று அடங்கினால் அவையும் விரைவில் அடங்கிவிடும். மற்றொரு வகை அலை, காற்றே இல்லாத நாளிலும், வானம் தெளிந்திருக்கும் வேளையிலும், சீராக உருண்டு வருவது. ஓரலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே பதினைந்து விநாடிக்கு மேலும் ஆகலாம். இது உள்ளூர்க் காற்றினால் பிறந்ததன்று. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், பல நாட்களுக்கு முன் வீசி ஓய்ந்த புயலொன்றின் விளைவு இது.

இதனை அறிவியல் அறிஞர் சோதித்தும் பார்த்துள்ளனர். அமெரிக்கக் கடலியல் அறிஞர் வால்ட்டர் மங்க் என்பவரும் அவருடைய தோழர்களும் 1963ஆம் ஆண்டில் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை பசிபிக் பெருங்கடலின் குறுக்கே வரிசையாக நிலையங்களை அமைத்து அலைகளை அளந்தனர். அண்டார்ட்டிகாவை ஒட்டிய தென்கடலின் புயல்களில் பிறந்த அலைகள், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, வடகோடியில் உள்ள அலாஸ்காவின் கரையை அடைந்ததை அவர்கள் கண்டறிந்தனர்.

இவ்வலையின் வலிமை அதன் நீளத்திலும் ஆழத்திலும் உள்ளது. பதினெட்டு விநாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் ஏறத்தாழ 500 மீட்டர். அதன் அசைவு நீருக்குள் சுமார் 250 மீட்டர் ஆழம் வரை செல்லும். நடுக்கடலில் செல்லும் கப்பலோ அதனை உணர்வதே அரிது. ஏனெனில் அது மிக மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது. கரையை நெருங்கும்போது கடலடித் தரை அதனைத் தடுக்கிறது. விரைவு குறைய, நீளம் சுருங்க, அத்தனை நாள் மறைந்திருந்த ஆற்றல் உயர்ந்தெழுந்து கரையில் மோதுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளக் கரையிலும் வாழும் மீனவர் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயரிட்டுள்ளனர். கள்வனைப் போல முன்னறிவிப்பின்றி வருவதால் இப்பெயர். இச்சொல்லை 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பும் ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் தொலைகடலின் அலைகளைக் கணித்து இப்போது முன்னெச்சரிக்கை வழங்கி வருகிறது. அவ்வாறு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த காலத்திலேயே, 2024 மே 6ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலைகளால் இழுக்கப்பட்டு உயிரிழந்தனர். கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் அமைதியாய்த் தோன்றலாம். ஆயினும் எங்கோ எழுந்த அலை வந்துகொண்டிருக்கலாம்.

மக்கள் ஆதரவுக்கு இவ்வுவமை பொருந்துவது ஏன்?

நம் நாட்டில் தேர்தல் வந்துவிட்டால் 'ஆதரவு அலை', 'அனுதாப அலை', 'எதிர்ப்பு அலை' எனப் பலவகை அலைகள் வீசுவதாகச் சொல்கிறோம். அவற்றுள் எது காற்றலை, எது ஆழலை என்று பிரித்தறிவதே அறிவுடைமை. ஒருவருடைய சொல்வன்மையால் ஒரு மாலைப் பொழுதில் எழுந்து, அவர் மேடையைவிட்டு இறங்கியதும் அடங்கும் ஆரவாரத்துக்குக் கிரவுண்ட்ஸ்வெல் என்னும் சொல் பொருந்தாது. இதற்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும். முதலாவது, அது நெடுநாட்களுக்கு முன் நிகழ்ந்த ஒன்றிலிருந்து பிறந்திருக்க வேண்டும். இரண்டாவது, மேற்பரப்போடு நில்லாது ஆழம் வரை பரவியிருக்க வேண்டும். மூன்றாவது, ஊதிவிடும் காற்று இல்லாதபோதும் அது நகர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

நம் தமிழகத்து வரலாற்றில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1965 சனவரியில் நடந்த மொழிப் போராட்டத்தில், 27ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். சில வாரங்களில் தெருக்கள் அமைதியடைந்தன. எல்லாம் முடிந்தது எனக் கருதியோரும் இருந்திருப்பர். ஆனால் 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் இருபது ஆண்டுகளாக மாநிலத்தை ஆண்ட கட்சி தோற்றது. பெருந்தலைவர் காமராசரே விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோல்வி கண்டார். அத்தோல்விக்கு அரிசித் தட்டுப்பாடு போன்ற வேறு காரணங்களும் உண்டு. எனினும் 1965இன் புயல் இரண்டாண்டு கழித்துக் கரையில் மோதியதை எவரும் மறுக்கவியலாது.

நெய்வேலியில் கண்டது

வினா எழுப்பிய வாசகரின் ஊருக்கு அருகிலேயே இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு உள்ளது.

2006 சூன் 22ஆம் நாள், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் பங்குகளில் 10 விழுக்காட்டை விற்பதற்கு மத்திய அரசு இசைவளித்தது. சூலைத் தொடக்கத்தில் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினர். மத்தியக் கூட்டணி அரசில் அங்கம் வகித்த தி.மு.க.வும் எதிர்த்தது. சூலை 6ஆம் நாள் பிரதமர் மன்மோகன் சிங்கின் அரசு, நெய்வேலிப் பங்கு விற்பனையை மட்டுமன்றி எல்லாப் பொதுத்துறைப் பங்கு விற்பனைகளையும் நிறுத்தி வைத்தது.

ஏழாண்டுகள் கழித்து அதே வினா மீண்டும் வந்தது. பொதுத்துறை நிறுவனங்களின் பங்குகளில் குறைந்தது 10 விழுக்காடு பொதுமக்கள் கையில் இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் 'செபி' வாரியத்தின் அப்போதைய விதியாய் இருந்தது. நெய்வேலியில் அரசின் பங்கு அப்போது 93.56 விழுக்காடாய் இருந்தது. எனவே 2013இல் 5 விழுக்காட்டை விற்க முடிவாயிற்று. சூலையில் மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கியது. தமிழகத்தில் ஒன்றையொன்று எதிர்க்கும் கட்சிகள் இவ்வொன்றில் ஒரே குரலில் பேசின. இறுதியில் முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு, அப்பங்குகளைத் தமிழக அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் என முன்வந்தது. தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ, சிப்காட் உள்ளிட்ட ஐந்து நிறுவனங்கள் 3.56 விழுக்காட்டை ஏறத்தாழ ரூ. 358 கோடிக்கு வாங்கின. விதியும் நிறைவேறியது, பங்குகளும் தனியார் கைக்குச் செல்லவில்லை.

இவ்வெழுச்சி ஒரு சூலை மாதத்தில் திடீரெனப் பிறந்ததா? அன்று. 1957 மே 20ஆம் நாள் நேரு பெருமகன் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில்தான். அந்நான்காண்டு உழைப்பையும் அதன்பின் வந்த ஐம்பதாண்டு உழைப்பையும் தந்தையரும் மைந்தரும் கண்டிருந்தனர். வடக்குத்து போன்ற ஊர்களில் கடை வைத்தவர், பேருந்து ஓட்டியவர், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் எனப் பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வு அச்சுரங்கத்தோடு பின்னிக்கிடந்தது. அந்நெடிய உறவே ஆழலையாய் எழுந்தது.

ஆனால் கரையில் மோதிய அலை அத்தோடு தன் ஆற்றலைச் செலவிட்டுவிடுகிறது என்பதையும் நாம் மறக்கலாகாது. 2024 மார்ச்சில் அந்நிறுவனத்தின் பங்குகளில் மேலும் 7 விழுக்காடு அளவு சந்தையில் விற்கப்பட்டு, மத்திய அரசின் பங்கு 72.2 விழுக்காடாகக் குறைந்தது. 2013இல் கண்டது போன்றதொரு எழுச்சி அப்போது ஏற்படவில்லை. ஒருமுறை கிட்டிய மக்கள் ஆதரவு என்றென்றும் நிலைக்கும் என்று எவரும் உறங்கிவிட இயலாது.

செவிக்கு எட்டாத அலை

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நேர்மையோடு அதனையும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

சுரங்கம் விரிய விரிய ஊர்களும் வயல்களும் இடம்பெயர்ந்தன. நிலம் தந்தோருள் பலர், உரிய விலை கிட்டவில்லை, வாக்களித்த வேலை கிட்டவில்லை என நெடுங்காலமாய் மனுக் கொடுத்து வந்தனர். இது நாளிதழ்களின் முதற்பக்கத்துக்கு வரும் செய்தியாய் இருக்கவில்லை. 2023 சூலை 26ஆம் நாள், வளையமாதேவிப் பகுதியில் வாய்க்கால் வெட்டுவதற்காக, கதிர் விடும் நிலையிலிருந்த நெல் வயல்களில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். பயிர் எங்களுடையது அன்றோ என்றனர் உழவர். பச்சைப் பயிர் புரட்டப்படும் காட்சியைத் தமிழகம் முழுவதும் கண்டது. இருநாளில் நெய்வேலி ஆர்ச் கேட் முன் நடந்த போராட்டம் கல்வீச்சிலும், காவல்துறையினர் வானை நோக்கிச் சுடுவதிலும் சென்று முடிந்தது. பின்னர் சென்னை உயர்நீதிமன்றம் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு ரூ. 40,000 வழங்குமாறு கூறியது.

"திடீரென்று ஏன் இந்தக் கொந்தளிப்பு?" என்று அன்று கேட்டவர் பலர். திடீரென்று எதுவும் நிகழவில்லை. நெடுநாள் மனத்தாங்கல் ஒன்று கரையை அடைந்தது, அவ்வளவே. கல்லெறிந்தவர் செயலை நாம் ஏற்கவில்லை. அது அலையின் நுரை. நுரையைக் கண்டித்துவிட்டு, அடியில் வரும் அலையை மறந்துவிடுவோமாயின், மீண்டும் ஒருநாள் வியப்படைவோம்.

நெய்வேலிச் சுரங்கப் பொறியாளர்கள் இவ்வுண்மையைத் தம் தொழிலிலேயே கையாளுகின்றனர். நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அது மேல்நோக்கித் தள்ளுகிறது. பொறியாளர்கள் அதனை இடைவிடாது அளந்து, இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைத் தணிக்கின்றனர். அங்ஙனம் செய்யாவிடின் சுரங்கத்தின் அடித்தரை பிளந்து நீர் பீறிட்டுவிடும். நிலத்தடி நீருக்குக் காட்டும் இக்கவனத்தை நிலத்தில் வாழ்வோரின் மனத்துக்கும் ஆள்வோர் காட்டினால் எத்துணை நன்றாயிருக்கும்!

போலி ஆதரவு

உண்மை உள்ள இடத்தில் போலியும் தோன்றும். மக்கள் ஆதரவைக் குறிக்கப் 'புல்வேர்' என்னும் சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. அடித்தள மக்களிடமிருந்து எழுவது என்பது அதன் கருத்து. 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் செனட்டர் லாயிட் பென்ட்சன், தமக்கு வந்து குவிந்த கடிதங்கள் மக்கள் தாமாக எழுதியவை அல்ல, எழுதுவிக்கப்பட்டவை என்று கண்டு, அவற்றுக்கு விளையாட்டரங்குகளில் விரிக்கும் செயற்கைப் புல்லின் பெயரைச் சூட்டினார். அன்று முதல் 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்பது போலி ஆதரவைக் குறிக்கும் சொல்லாயிற்று. லாரியில் ஏற்றிவந்த கூட்டமும், கைப்பேசியில் கூலிக்குப் பரப்பப்படும் புகழ்ச்சியும் இவ்வகையே.

போலி ஒருபுறம் இருக்க, உண்மையான ஆரவாரமும் எப்போதும் நீதியாகிவிடாது. "மக்கள் குரலே மகேசன் குரல்" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். ஏறத்தாழ கி.பி. 798இல் அறிஞர் அல்குவின் பேரரசர் சார்லிமேனுக்கு எழுதிய கடிதத்தில் இக்கூற்று வருகிறது. ஆனால் அவர் அதனை ஆதரித்து எழுதவில்லை. அங்ஙனம் சொல்வோருக்குச் செவிசாய்க்க வேண்டா, கூட்டத்தின் ஆரவாரம் வெறிக்கு மிக அண்மையது என்றே எச்சரித்தார். அரசர்க்கு உரைத்த அவ்வெச்சரிக்கை கூட்டத்தில் நிற்கும் நமக்கும் உரியது.

நமது பங்கு

மாணவர்கள் இச்சொல்லைப் பயன்படுத்தும் முறையையும் குறித்துக்கொள்வது நன்று. இக்காலத்தில் இதனைப் பெரும்பாலும் ஒரே சொல்லாகச் சேர்த்தெழுதுவர். 'ஆஃப் சப்போர்ட்', 'ஆஃப் ஒபினியன்', 'ஆஃப் சிம்பதி' போன்ற தொடர்கள் இதன்பின் வரும். தமிழில் இடத்துக்கேற்ப 'மக்கள் எழுச்சி' என்றோ 'ஆதரவுப் பெருக்கு' என்றோ பெயர்க்கலாம். ஒரு கூட்டத்தின் கைதட்டலுக்கு இதனைப் பயன்படுத்தற்க.

சொல்லை அறிந்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. ஆழலையில் நீர்த்துளி வெகுதூரம் பயணம் செய்வதில்லை என்பர் அறிவியலார். ஒவ்வொரு துளியும் தன்னிடத்திலேயே சுழன்று, தன் அசைவை அடுத்த துளிக்குத் தருகிறது. அங்ஙனமே பத்தாயிரம் கிலோமீட்டர் கடக்கப்படுகிறது. மக்கள் ஆதரவும் இப்படியே பரவுகிறது. பங்கு விற்பனையை எதிர்த்த தொழிலாளியின் இல்லத்தில், நிலம் இழந்த உழவரின் துயரும் பேசப்பட வேண்டும். நிலம் இழந்தவர் இல்லத்தில், வேலைப் பாதுகாப்பற்ற ஒப்பந்தத் தொழிலாளியின் கவலையும் பேசப்பட வேண்டும். தத்தம் துன்பத்துக்கு மட்டும் ஊராரின் ஆதரவை எதிர்நோக்கி, அயலாரின் துன்பத்தின்போது கதவை அடைத்துக்கொள்வோமாயின், அசைவு நம் வாசலோடு நின்றுவிடும்.

ஆகவே இம்மாதம் ஒவ்வொரு குடும்பமும், தனக்கு எவ்வித ஆதாயமும் இல்லாத, அயலார் ஒருவருடைய நியாயமான குறை ஒன்றைக் கேட்டறியட்டும். மனு எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுக்கட்டும். அலுவலகத்துக்குத் தனியே செல்ல அஞ்சுவோர்க்குத் துணையாகச் செல்லட்டும். நாளிதழ்கள் இதனைக் கிரவுண்ட்ஸ்வெல் என்று எழுதமாட்டா. எனினும் அது தொடங்குவது இங்கேதான்.

அடுத்த இதழில் 'பாய்காட்' என்னும் சொல்லின் வரலாற்றைக் காண்போம்.